கொம்பி வானில் பெற்றோல் மணம்: தேடிப் பிடித்த கதை

மணம் வந்த அன்றே வானுக்குள் இருந்த காஸ் அடுப்பையும் சிலிண்டரையும் கழற்றி வீட்டு விறாந்தையில் வைத்துவிட்டேன். மணம் போகும்வரை இது திரும்ப ஏறாது என்று மனிசியிடம் சொன்னேன். இந்த வானில் பின் படுக்கைக்குக் கீழே எஞ்சின், எஞ்சினுக்கு முன்னால் பெற்றோல் தாங்கி. மேலே படுப்பது நாங்கள் மூன்று பேர். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தாழ்ந்த இடமாகப் பார்த்துத் தேங்கி நிற்கும், ஒரு சிறு பொறி போதும். பற்றரியின் மறை வயரையும் கழற்றிவிட்டுத்தான் படுக்கப் போனேன்.

வான் 1973ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கொம்பி, 1600 எஞ்சின். மாமாவிடம் இருந்து வந்தது. பரந்தனில் எங்கள் வளவு வேப்பமரத்துக்குக் கீழே நிற்கும்.

முதலில் கண் போனது பெற்றோல் ஹோஸ்களில். துணி பின்னிய பழைய வகை. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இரண்டு விரலால் மெல்ல வளைத்தேன், துணி இழைகளுக்கு இடையில் றப்பர் வெடித்து வாய் பிளந்தது. இந்த வகை ஹோஸை யாராவது இன்னும் பாவித்தால் தயவுசெய்து இன்றைக்கே ஒருமுறை வளைத்துப் பாருங்கள். துணி வெடிப்பை மறைத்துவிடும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பெற்றோலுக்கென்றே செய்த 5 மில்லிமீற்றர் ஹோஸ் போட்டேன்.

அடுத்தது, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றர். சோலெக்ஸ் காபரேற்றரின் மேல் மூடியில் பெற்றோல் உள்ளே போகும் சின்னப் பித்தளைக் குழாய் ஒன்று இருக்கிறது. அதற்குப் புரியாணி கிடையாது, அழுத்திச் செருகியது மட்டும்தான். காலப்போக்கில் அதிர்வில் தளர்ந்து கழன்றால், பம்ப் தள்ளுகிற பெற்றோல் நேரே சூடான எஞ்சினில் கொட்டும். இந்த வகை எஞ்சின்கள் தீப்பிடிப்பதற்கு இது பேர் போன காரணம். பிடித்துத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்து மணந்தேன். பம்பின் உள் சவ்வு கிழிந்திருந்தால் பெற்றோல் எஞ்சின் எண்ணெயில் கலந்து அங்கே மணக்கும். அதுவும் இல்லை.

ஒரு கிழமை மணம் வரவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். கிளிநொச்சிக்குப் போய்த் தாங்கியை நிரப்பிக்கொண்டு வந்த பின்னேரம், கதவைத் திறந்தால் முன்னையதைவிடக் கூடிய மணம்.

மாங்குளத்தில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணை இருக்கிறார். போர்க்காலப் பொருளாதாரத் தடைக் காலத்தில் துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய தலைமுறை. மணத்தை வைத்தே எது எங்கே கசிகிறது என்று சொல்லக்கூடிய மனிசன். நான் கழற்றியது பூட்டியது எல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“எங்க மணக்குது எண்டு தேடாத தம்பி. எப்ப மணக்குது எண்டு எழுது. ரெண்டு கிழமை எழுதிக்கொண்டு வா.”

மகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதத் தொடங்கினேன். தாங்கியில் எவ்வளவு, வெயிலா நிழலா, காலையா மாலையா. என் மூக்கு உதவவில்லை. பெற்றோலுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றாலே மூக்கு பழகிவிடும், அப்புறம் மணம் இல்லையென்றே தோன்றும். அதனால் மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் கதவை அவளே திறப்பாள். “இண்டைக்கு இருக்கு அப்பா,” “இண்டைக்கு இல்லை” என்பாள், அதை எழுதுவேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு கொப்பியைப் பார்த்தால் விடை அதிலேயே இருந்தது. “இருக்கு” என்ற நாட்கள் எல்லாம் தாங்கி நிரம்பியிருந்து வான் வெயிலில் நின்ற நாட்கள். பாதிக்குக் கீழே இறங்கினால் ஒரு நாள்கூட இல்லை. அடியில் இருக்கும் ஹோஸ் கசிந்தால் பாதித் தாங்கியிலும் கசியத்தான் வேண்டும். ஆகவே கசிவு தாங்கிக்கு மேலே. இன்னொன்றும் அண்ணை சொன்னார்: பெற்றோல் சூட்டில் விரியும். கணக்குப் பார்த்தேன். ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. நிலத்துக்குக் கீழே குளிர்ந்து கிடந்த பெற்றோலை 50 லீற்றர் அடித்து, வன்னி வெயிலில் 15 பாகை ஏறவிட்டால் முக்கால் லீற்றர் கூடிவிடும். அது மேலே ஏறி ஓர் ஓட்டையைத் தேடும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசைக்குப் பிறகு எங்களுக்கெல்லாம் கழுத்துமட்டும் நிரப்பும் பழக்கம் வந்துவிட்டது. அதற்கு முன்பும் இந்தக் கசிவு இருந்திருக்கலாம், பாதித் தாங்கியில் ஓடியதால் தெரியாமல் போயிருக்கும்.

தாங்கியை எடுக்க எஞ்சினை இறக்க வேண்டும். பெற்றோலை முழுக்க வடித்து, தீயணைப்பானைக் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு, அண்ணையும் நானும் திறந்த வெளியில் ஒரு பகல் முழுக்க மினக்கெட்டோம். எஞ்சினுக்கும் தாங்கிக்கும் நடுவில் இருக்கும் தகட்டைக் கழற்றியதும் அண்ணை ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்து, “அந்தா பார்” என்றார். தாங்கியின் தலை முழுக்கக் கிரவல் ரோட்டுப் புழுதி, சிவப்பாக, ஒரு சீராகப் படிந்திருந்தது. அதன் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு. அங்கே புழுதியே இல்லை, வெறும் தகடு பளபளத்தது. பெற்றோல் வழிந்து கழுவிவிட்டு, தான் ஆவியாகிப் போயிருக்கிறது. அந்தக் கோட்டைப் பின்பற்றி மேலே போனால், நிரப்பும் குழாயையும் தாங்கியையும் சேர்க்கும் தடித்த றப்பர். மேல் பக்கம் நல்லாய் இருந்தது. கீழ்ப் பக்கத்தில், வெளியே இருந்து ஒருபோதும் பார்க்க முடியாத இடத்தில், நீளமாக ஒரு வெடிப்பு. பக்கத்தில் இருந்த காற்றோட்ட ஹோஸைத் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது.

றப்பர் வெளிநாட்டில் இருந்து வர மூன்று கிழமை ஆனது. தண்ணிக் குழாயை வெட்டிப் போட்டு ஓடு என்று இரண்டு பேர் சொன்னார்கள். தண்ணிக் குழாய் பெற்றோலில் ஊதி இளகிவிடும், அதைப் போட்டால் இதே இடத்துக்குத் திரும்ப வர வேண்டும். காத்திருந்தேன். வந்ததும் காற்றோட்ட ஹோஸ்கள், பெற்றோல் அளவு காட்டும் மிதவையின் வாசர், கிளிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினோம். கிளிப்பை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் அது றப்பரை வெட்டும் என்று அண்ணை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

போன சனிக்கிழமை காலை வேண்டுமென்றே தாங்கியை நிரப்பினேன். பரந்தனில் இருந்து முல்லைத்தீவு, அங்கிருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம், பிறகு ஏ9இல் ஏறி வடக்கே. முறிகண்டியில் எல்லோரையும் போல நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். வானை நிழலில் விடாமல் கண்ணாடிகளைச் சாத்தி உச்சி வெயிலில் ஒரு மணித்தியாலம் விட்டேன். திரும்பி வந்து மகள் கதவைத் திறந்தாள். தலையை உள்ளே விட்டு, படுக்கைக்கு அடியிலும் குனிந்து இழுத்து மணந்தாள்.

“இல்லை அப்பா. கையில இருக்கிற கச்சான்தான் மணக்குது.”

கொப்பியில் அதையும் எழுதினேன். அதற்குப் பிறகு நிரம்பிய தாங்கியோடு ஐந்து நாள் வெயிலில் விட்டுப் பார்த்தாயிற்று, ஐந்து நாளும் “இல்லை.” நேற்றுப் பின்னேரம் மனிசி சொல்லாமலே அடுப்பைத் துடைத்து வான் வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தாள்.