அரைச் சவள் பின்னால்

ஐஸ் ஹொக்கி ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஐஸில் இருந்த நீலக்கோடு மங்கிப் போனது. ஸ்நோ விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. விசில் ஊதி ஆட்டம் நின்றதும், ஸ்கேட் போட்ட ஒரு கூட்டம் ஸ்நோ தள்ளும் அகலச் சவள்களோடு உள்ளே வந்தது. என் மகன் ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சவள்காரர்களைப் பார்த்தேன்.

2014 ஜனவரி 1. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரம். எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸும் டெற்றொயிற் ரெட் விங்ஸும் திறந்த வெளியில் மோதிய வின்ரர் கிளாசிக், NHL ஹொக்கி லீக்கின் குளிர்கால வெளியரங்க ஆட்டம். அதைப் பற்றி எழுதுங்கோ அப்பா என்று மகன் பல வருடங்களாகச் சொல்லி வருகிறான். இந்த வருடத்து முதல் ஸ்நோ நேற்று இரவு விழுந்தது. சரி, எழுதிவிடுவோம் என்று இருந்துவிட்டேன்.

என் வேலையை முதலில் சொல்ல வேண்டும். கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்திலிருந்து எனக்கு ஸ்நோ தள்ளுகிற வேலைதான். தொடக்கத்தில் கையில் சவள். பிறகு முன்னால் பிளவ் என்ற ஸ்நோ தள்ளும் தகடு பூட்டிய ரக். ஸ்காபரோவில் பிளாசாக்களின் கார் தரிப்பிடங்களை விடிவதற்குள் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு போன் வரும். யன்னலைத் திறந்து பார்த்தாலே விழுவது மாவு ஸ்நோவா, ஈர ஸ்நோவா, காற்று எந்தப் பக்கம் அள்ளிக் குவிக்கும் என்று சொல்லிவிடுவேன். மற்றவர்கள் அழகு என்று படம் எடுக்கும்போது எனக்கு இடுப்புத்தான் ஞாபகம் வரும்.

மகனுக்கு அப்போது பதினொரு வயது. லீஃப்ஸ் என்றால் உயிர். அதற்கு முந்தைய மே மாதம், 2004க்குப் பிறகு முதல் தடவையாக பிளேஓஃப் என்ற கோப்பைச் சுற்றுக்குப் போன அணி, பொஸ்ரனோடு தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில், மூன்று பீரியட்டுகளில் கடைசியில் 4-1 என்று முன்னால் நின்றுவிட்டு, மேலதிக நேரத்தில் 5-4 என்று தோற்றது. அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு ஜேர்சியைப் போட்டுக்கொண்டே போனான். தோற்றதற்குப் பிறகும் போட்டுக்கொண்டு போன அந்தப் பிடிவாதத்துக்காகவே இந்த ரிக்கெற்றை வாங்கினேன்.

உண்மையில் இந்த ஆட்டம் 2013 ஜனவரி 1இல் நடந்திருக்க வேண்டியது. முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான பிணக்கில் லீக் மூடப்பட்டு, ஒரு வருடம் தள்ளிப் போனது. பிறகு, புறப்படப் பத்து நாள் இருக்கும்போது, ரொறன்ரோவில் அந்த ஐஸ் மழை. டிசம்பர் 21, 22. மரங்கள் எல்லாம் கண்ணாடி பூசியதுபோல் ஐஸ் சுமந்து முறிந்து விழுந்தன. லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று நாள் இருட்டு. நான் அந்த நாட்கள் முழுக்க உப்புப் போட்டுக்கொண்டு றோட்டில் நின்றேன். ஆன் ஆர்பர் போவதை விட்டுவிடலாம் என்று நினைத்தபோது மனைவிதான், "பிள்ளை ஒரு வருசமாப் பார்த்துக்கொண்டிருக்கிறான், கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

31ஆம் திகதி 401 நெடுஞ்சாலையில் நேரே வின்ஸர். அங்கே என் மச்சான் வீடு. ஒன்ராறியோவுக்குள்ளேதான் வின்ஸர், ஆனால் ஆற்றைத் தாண்டினால் டெற்றொயிற். அந்த ஊரில் பாதிப்பேருக்கு ரெட் விங்ஸ்தான் சொந்த அணி. மச்சானும் அப்படித்தான். அவன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்கூட அந்த அணியின் சின்னம், சிறகு முளைத்த சக்கரம், ஒட்டியிருக்கும். சாப்பாட்டு மேசையில் மருமகனும் மாமனும் 1942ஐ இழுத்தார்கள்: லீக்கின் பெரிய பரிசான ஸ்ரான்லி கோப்பையின் இறுதியில் டெற்றொயிற் மூன்று ஆட்டங்களை வென்ற பிறகு, ரொறன்ரோ தொடர்ந்து நான்கை வென்று கோப்பையை எடுத்த வருடம். அப்புறம் 1993: பிளேஓஃப் ஏழாவது ஆட்டத்தின் மேலதிக நேரத்தில், டெற்றொயிற்றை வெளியேற்றி ரொறன்ரோவின் போர்ஷெவ்ஸ்கி போட்ட கோல். இருவருமே பிறக்காத காலத்துச் சண்டையையும் தாங்களே விளையாடியதுபோல் பேசினார்கள். 1998இல் ரொறன்ரோவை லீக்கின் கிழக்குப் பிரிவுக்கு மாற்றியதால் இந்த இரண்டு அணிகளும் பதினைந்து வருடம் அடிக்கடி சந்திக்க முடியாமல் போயிருந்தது. 2013இல் டெற்றொயிற்றும் கிழக்குக்கு வந்தது. அயலவர்கள் ஒரே வேலிக்கு மறுபடி வந்த மாதிரி.

விடிய வெளிக்கிட்டும் வழி முழுக்க வாகனம். லீஃப்ஸின் நீலமும் ரெட் விங்ஸின் சிவப்பும் கொடி கட்டிய கார்கள் நத்தைபோல் ஊர்ந்தன. மச்சான் வைத்திருந்த பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி. அதைக் காருக்குள்ளேயே குடித்து முடித்துவிட்டு இறங்கினோம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அந்த மைதானத்தைப் பெரிய வீடு என்றுதான் அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 1927இல் திறந்தது. பெரும்பகுதி நிலத்துக்குக் கீழே தோண்டிக் கட்டப்பட்டது. வாசலால் நுழைந்து கீழே பார்த்தால்தான் அளவு தெரியும். குளத்தின் அணைக்கட்டில் ஏறி நின்று உள்ளே பார்ப்பது போல. அடியில், நடுவில், தபாலட்டை அளவுக்கு ஒரு வெள்ளைச் செவ்வகம். அதுதான் ஐஸ். சுற்றிவர 105,491 பேர். சரி பாதி நீலம், சரி பாதி சிவப்பு என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. உட்காரும் வாங்குகள் உலோகம். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை, அதற்கு மேல் காற்று. மகனுக்கு மூன்று காலுறை, இரண்டு காற்சட்டை. ஜேர்சியை ஜக்கெற்றுக்கு மேலே போட்டு இழுத்ததில் அவன் தலையணை மாதிரி இருந்தான்.

இப்படியொரு மைதானத்தில் ஐஸ் எப்படி வருகிறது? வெளியே ஒரு பெரிய ரக்கில் குளிரூட்டும் இயந்திரம் நிற்கிறது. அதிலிருந்து கிளைக்கோல் என்ற திரவம் குழாய் வழியாகப் போய், புல்லுக்கு மேல் போட்ட மேடையில் அடுக்கிய அலுமினியத் தட்டுகளுக்குள் ஓடுகிறது. தட்டுகளுக்கு மேலே தண்ணீரை மெல்ல மெல்லத் தெளித்து, படைபடையாக உறைய வைத்து, இரண்டு அங்குலம் வரை கொண்டு வருகிறார்கள். என்னை வியக்க வைத்தது இன்னொன்று: அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் ஐஸ் நொறுங்கும், ஸ்கேட் பட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஆகவே அதே இயந்திரம் தேவைப்பட்டால் ஐஸைச் சூடாக்கவும் செய்கிறது. உறைந்த தரை எப்போது பிடிக்கும், எப்போது உடையும் என்று அறிந்தவர்கள் செய்த வேலை அது. உப்புப் போடுகிறவனுக்கு அது விளங்கும்.

அன்று ஆட்டம் அழகாக இல்லை என்று பிறகு ரிவியில் பார்த்த பலர் சொன்னார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். பக், அதாவது ஆடுகிற ரப்பர் வட்டு, ஸ்நோவுக்குள் புதைந்து நின்றுவிடும். நீளமாகக் கொடுத்தால் பாதி வழியில் சோர்ந்துவிடும். அதனால் லீக்கின் பெரிய கெட்டிக்காரர்கள் எல்லாம் நுணுக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பக்கை முன்னால் தட்டிவிட்டுத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். டெற்றொயிற்றின் டாற்சுக்கின் கைகூட அன்று தடுமாறியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பூங்காவில் பிள்ளைகள் ஆடுவதும் அப்படித்தான். லீஃப்ஸின் கோல் காப்பாளர் பேர்னியே முகமூடிக்கு மேலே கம்பளித் தொப்பி மாட்டியிருந்தார். மகன் தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

இரண்டாவது பீரியட்டில் டெற்றொயிற்றின் அல்ஃப்ரெட்சன் முதல் கோல் போட்டார். மச்சான் எழுந்து கத்தினான். பீரியட் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது, அந்தரத்தில் வந்த பக்கை லீஃப்ஸின் வான் ரீம்ஸ்டைக் கிரிக்கெற் பந்தை அடிப்பதுபோல் அடித்து உள்ளே தள்ளினார். ஸ்நோவில் ஓடாத பக்கைக் காற்றில் அடிப்பதை விடச் சரியான வழி என்ன இருக்கிறது! மூன்றாவதில் லீஃப்ஸின் போசாக் போட்டு 2-1. பிறகு டெற்றொயிற்றின் ஆப்டெல்கேடர் 2-2. பீரியட்டின் நடுவில் ஆட்டத்தை நிறுத்தி இரண்டு அணிகளையும் பக்கம் மாற்றினார்கள். காற்று ஒருவருக்கே சாதகமாகிவிடக் கூடாது என்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

ஆனால் எனக்கு அந்த நாள் என்றால் சவள்காரர்கள்தான். திரும்பத் திரும்ப வந்தார்கள். முதலாமவர் ஐஸைச் சுற்றியிருக்கும் பலகையை ஒட்டிப் போவார். அடுத்தவர் பக்கத்தில் அல்ல, அரைச் சவள் பின்னால், அரைச் சவள் உள்ளே தள்ளி. முதல் சவளின் ஓரத்தில் வழிகிற ஸ்நோவை இரண்டாவது சவள் வாங்கும், இரண்டாவது சிந்தியதை மூன்றாவது வாங்கும். தரையில் ஒரு கோடுகூட மிஞ்சாது. திரும்பும் வளைவில் யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை, குறைத்தால் குவியல் உடைந்து சிதறும். இதைச் சொல்லித் தர எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. மூன்று குளிர்காலம் இடுப்பை முறித்துத்தான் கற்றுக்கொண்டேன். இங்கே ஒரு லட்சம் பேர் முன்னால் அதைச் செய்தார்கள். சுத்தமான ஐஸ் பளிச்சென்று தெரிந்ததும், எங்களுக்குப் பின்வரிசையில் நீலமும் சிவப்பும் சேர்ந்து கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கையுறைக்குள் விரல்கள் விறைத்திருந்தன. தொண்டைக்குள் என்னவோ அடைத்தது.

மகன் திரும்பிப் பார்த்தான். "அப்பா, இது உங்கட வேலையெல்லோ" என்றான்.

மேலதிக நேரத்திலும் முடிவில்லை. ஷூட்அவுட்: ஒவ்வொருவராக வந்து கோல் காப்பாளரை மட்டும் எதிர்த்து அடிப்பது. போசாக் அடித்ததில் 3-2, ரொறன்ரோ வென்றது. பேர்னியே அன்று தடுத்தவை 41. மகன் மச்சானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தான். தோற்ற மச்சானும் சேர்ந்து குதித்தான்.

அந்த மாதமே ஒரு சனிக்கிழமை அதிகாலை போன் வந்தது. பன்னிரண்டு சென்ரிமீற்றர், மாவு ஸ்நோ. நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மகன் படியால் இறங்கி வந்தான். ஜக்கெற்றுக்கு மேலே ஜேர்சி. தானும் வருகிறேன் என்றான். பிளாசாவில் பிளவ் போக முடியாத கடைவாசல் நடைபாதையை நாங்கள் இருவரும் கையால் தள்ளினோம். நான் சுவரோரம் பிடித்தேன். எங்கே நிற்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அவன் என் இடது பக்கம் வந்து, அரைச் சவள் பின்னால் நின்றான்.