பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருபவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டு முகப்பில் உட்கார்ந்தாலும் சிங்கப்பூர்க்காரர்கள் லைசன்ஸ் பேச்சை எடுத்துவிடுகிறார்கள். அங்கே வேலைக்குப் போனவர்கள் நம்மூர் லைசன்ஸை வைத்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குள் தியரித் தேர்வு எழுதி அந்த ஊர் லைசன்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டும். 50 கேள்விக்கு 45 சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. கார் லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை, அந்த மட்டில் நிம்மதி.

சரி, அது எல்லோருக்கும் தெரியும். கோட்டை விடுவது இங்கே உள்ளதைத்தான். நம்மூர் லைசன்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால், புதுப்பிக்க மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். போன வாரம் அயித்தை மகன் ஆர்டிஓ ஆபீஸிலிருந்து வந்து, "இத்தனை வருசமா ஓட்டுறேன், என்னைப் போய் எட்டுப் போடச் சொல்றாங்கப்பா" என்று புலம்பித் தீர்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சட்டம் 2019 திருத்தத்திலிருந்து அப்படித்தான்.

காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கலாம். 40 வயது தாண்டியவர்கள் மருத்துவர் சான்றும் வாங்க வேண்டும். நோன்பு அன்று மாவில் திரியிட்டு ஏற்றும் இழையை எடுத்துக்கொள்ள வரும்போதே லைசன்ஸ் புதுப்பிப்பதையும் முடித்துவிடுங்கள் அண்ணே.