ராமேஸ்வரம் பஸ் என்று மண்டபம் பஸ்ஸில் ஏறிய கதை

வீடு தங்கச்சிமடம், வேலை உச்சிப்புளி. சாயங்காலம் வீட்டுக்குப் போக எனக்கு ராமேஸ்வரம் பஸ் வேண்டும். அதே ரோட்டில், அதே பக்கமாக, மண்டபத்தோடு நின்றுவிடுகிற பஸ்ஸும் வரும். மாறி ஏறினால் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். கண் தெரிகிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, போர்டைப் பார்த்து ஏறுவார்கள்.

எனக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓரப்பார்வை இருப்பதால் கம்பு இல்லாமல் நடப்பேன், படி ஏறுவேன், ஆனால் எதிரே வருகிறவர் அண்ணனா அடுத்த வீட்டுக்காரரா என்று குரல் கேட்டால்தான் தெரியும். மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருக்கிறேன். அதைக் காட்டினால் என்னை ஒரு தடவை, அட்டையை ஒரு தடவை பார்ப்பார்கள், "நல்லாத்தானே நடக்குறீங்க" என்பார்கள். பழகிவிட்டது.

அன்றைக்குக் கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ராமநாதபுரம் பக்கமிருந்து வருகிற பஸ், சாயங்கால வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு வரும், நாம் வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்போம். முகப்பில் விளக்கு எழுத்து ஓடுகிற போர்டு. "ராம" என்று பிடிபட்டது, ஏறிவிட்டேன். கூட்டத்தைத் தாண்டிக் கண்டக்டர் என்னிடம் வந்தபோது மண்டபம் நெருங்கிவிட்டது. தங்கச்சிமடம் ஒண்ணு என்றேன். "இது மண்டபத்தோட சரிம்மா. போர்டுல கொட்டை எழுத்துல ஓடுதே, படிக்கத் தெரியாதா?" என்றார். நான் எம்.ஏ. படித்தவள். அதைச் சொல்லவில்லை.

அந்த போர்டில் ஓடியது "ராமநாதபுரம் – உச்சிப்புளி – மண்டபம்". அதாவது, கிளம்பின ஊரின் பெயர் முதலில். ராமநாதபுரமும் "ராம", ராமேஸ்வரமும் "ராம". என்னைப் போன்றவர்கள் அந்த முதல் இரண்டு எழுத்தை வைத்துத்தான் ஊகிக்கிறோம், ஊகமும் அங்கேயே கவிழ்ந்துவிடுகிறது.

மண்டபத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு ஒரு அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "எனக்கு எழுத்தே தெரியாது தாயி, டிரைவர் மூஞ்சியப் பாத்துத்தான் ஏறுவேன்." எனக்கு மூஞ்சியும் தெரியாதே அப்பத்தா என்றேன். அதற்கும் சிரித்தார்.

மறுநாளே என் முதல் மனுவை எழுதினேன். உணர்ச்சிவசப்பட்டு இரண்டு பக்கம். திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்தேன், ரசீது தந்தார்கள், அதுவரை சுலபம். அது போய்ச் சேர்ந்த அலுவலகத்திலிருந்து (பெயர் வேண்டாம்) ஒன்றரை மாதம் கழித்து வந்த பதில்: எதிர்காலத்தில் புதிய பேருந்துகள் வாங்கும்போது தாழ்தளப் பேருந்து குறித்துப் பரிசீலிக்கப்படும். நான் கேட்டது போர்டு. மாற்றுத்திறனாளி என்ற வார்த்தையைப் பார்த்ததும் சக்கர நாற்காலி என்று முடிவுகட்டி, எங்கேயோ தயாராக இருந்த பதிலை அனுப்பிவிட்டார்கள். 2024-ல் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் எந்த ஊர் பஸ் என்று தெரிந்தால்தானே ஏற முடியும்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்றே கேள்வி: போர்டில் எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா, வாசகத்தை முடிவு செய்வது யார். முப்பது நாளுக்குள் பதில் வந்தது. முதல் இரண்டுக்கும் "இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை". மூன்றாவதற்கு "கிளை அளவில்". அந்த இரண்டு வார்த்தைக்காகப் பத்து ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம், யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிட்டதே.

இடையில் தம்பியை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி நிறையக் கேட்டேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 41-ஆவது பிரிவு போக்குவரத்து பற்றியது. புது வண்டி மட்டுமல்ல, பழைய வண்டிகளையும், தொழில்நுட்பம் இடம்கொடுத்து, பாதுகாப்பாக, பெரிய கட்டுமான மாற்றம் இல்லாமல், கட்டுப்படியாகும் செலவில் முடிகிற இடத்தில் மாற்றியமைக்கச் சொல்கிறது. எனக்காகவே எழுதினது போல இருந்தது. 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றமும் அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டிலேயே விதி போட்டு வைத்திருக்கிறார்கள்: முகப்பில் ஊர்ப்பெயர் எழுத்து குறைந்தது 125 மில்லிமீட்டர், தட எண் 200 மில்லிமீட்டர், பக்கவாட்டில் 70. ஊர்ப்பெயரை முழுக்கப் பெரிய எழுத்திலேயே எழுதக்கூடாது என்றும் இருக்கிறது, சொல்லின் உருவத்தை வைத்தே பலர் அடையாளம் கண்டுகொள்வதால். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. நம் சிக்கல் வேறு. சுழியும் புள்ளியும் மேலே கீழே இடம் கேட்கும். நான் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்த போர்டில் மேலிருந்து கீழே பதினாறு விளக்குதான், அதற்குள் "ஸ்வ"வை அடைத்தால் அது எறும்புக்கூட்டம்.

அடுத்து நான் செய்ததுதான் வேலை செய்தது. தம்பியோடு உச்சிப்புளியில் நின்று, செல்போனில் நேரம் பார்த்தேன். போர்டு ஒரு சுற்று ஓடி முடிய பதினான்கு வினாடி. எனக்கு எழுத்து பிடிபடுவது இருபது மீட்டருக்குள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பஸ் அந்த இருபது மீட்டரை இரண்டு வினாடிக்குள் கடந்துவிடும். கைகாட்டினால்தான் நிற்கும், கைகாட்டவா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்குக் கிடைப்பது அந்த இரண்டு வினாடி. இரண்டாவது மனு அரைப் பக்கம்தான்: இந்தக் கணக்கு, 41-ஆவது பிரிவு, தீர்ப்பு பற்றி ஒரு வரி, கூடவே வீடியோ.

அதை எடுத்துக்கொண்டு கிளை மேலாளரை நேரில் பார்த்தேன். திட்டுவாங்கத் தயாராகத்தான் போனேன், மனிதர் டீ சொன்னார். வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "பதினாலு செகண்டா" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் தெரிந்தது, அந்த வாசகங்களை போர்டு பொருத்த வந்தவர் ஒரே நாளில் டைப் செய்து பென்டிரைவ் வழியாக ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார், கண்டக்டரோ டிரைவரோ எண்ணை மட்டும் அழுத்துவார்கள். ஓடுவதை நிறுத்த பைசா செலவில்லை, திரும்ப ஏற்ற ஆள் வந்தால் போதும். நான் கேட்டது: போகிற ஊர் மட்டும், ஓடாமல், பெரிதாக. வழி எல்லாம் கதவுப் பக்கத்தில் ஒரு சிலேட்டில். முன் கண்ணாடியில் படிகிற உப்பைத் தினம் துடைக்க வேண்டும். ஒரு கண்டக்டர் குறுக்கிட்டு, வழி ஓடலைன்னா எல்லா ஸ்டாப்பிலும் ஆளாளுக்கு எங்களைக் கேட்பாங்க மேடம் என்றார். நியாயம்தான். அதனால்தான் சிலேட்டு என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

ஆள் வர மூன்று வாரம் ஆனது. இப்போது மண்டபம் பஸ்ஸில் "மண்டபம்" என்று மட்டும் நிற்கிறது, எழுத்து முழு உயரத்துக்கு. ராமேஸ்வரம் வண்டிகளில் பாதி மாறியிருக்கிறது. மற்றதெல்லாம் வெளியூர்க் கிளைகளின் வண்டிகள், அவை இன்னும் ஓடுகின்றன. சிலேட்டு இரண்டு வண்டியில் வந்தது, ஒன்று மழையில் அழிந்துவிட்டது. கண்ணாடி துடைப்பது டிரைவரைப் பொறுத்தது.

போன வாரம் புத்தம்புது வண்டி ஒன்று வந்தது. பளபளவென்று பெரிய போர்டு. தம்பி படித்துச் சொன்னான், முதலில் "நல்வரவு", அப்புறம் "பயணம் இனிதாகுக", அதற்கப்புறம்தான் ஊர்ப்பெயராம். வீடியோ எடுத்தாயிற்று, ஒரு சுற்றுக்குப் பத்தொன்பது வினாடி. திங்கட்கிழமை மனுநாள்.