‘மோஸ்ட்’ எங்கே வரும், ‘ப்ளீஸ்’ எங்கே போதாது

அண்ணா நகரில் சனிக்கிழமை மாலைகளில் நான் நடத்தும் சிறிய ஆங்கில வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர், தமிழ்வழியில் படித்து இப்போது வங்கிகளிலும் பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களிலும் வேலைக்குச் சேர்ந்திருப்பவர்கள். அவர்களுடைய ஐயங்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் குவிகின்றன: ஒன்று, எல்லாவற்றிலும் மேலானது என்று சொல்லும் வடிவம், மற்றொன்று, மரியாதையாகக் கேட்கும் முறை. இவற்றில் பிழை நேர்வது அறிவுக் குறைவால் அன்று. தமிழ் இந்தப் பொருளை ஏற்றும் உறுப்பு வேறு, ஆங்கிலம் ஏற்றும் உறுப்பு வேறு என்பதே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

தமிழில் ‘பழைய’ என்னும் பெயரடை ஒப்பீட்டுக்காக உருமாறுவதில்லை. ‘அதைவிட’, ‘எல்லாவற்றிலும்’ என்று பக்கத்தில் நிற்கும் பெயரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ ‘ஓல்ட், ஓல்டர், ஓல்டஸ்ட்’ என்று பெயரடையே மாறுகிறது. ‘பியூட்டிஃபுல்’ போன்ற நீண்ட சொற்களுக்குத்தான் ‘மோஸ்ட்’ துணைக்கு வருகிறது. ‘மிக’ என்று சொல்லிப் பழகிய மாணவர் அந்த இடத்தில் ‘மோஸ்ட்’ வைத்து, ‘மோஸ்ட் ஓல்டஸ்ட்’ என்கிறார். ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்த இரட்டிப்பு வழக்கில் இருந்தது. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஆண்டனியின் பேச்சிலேயே அது வருகிறது. இன்றைய ஆங்கிலம் அதை ஏற்பதில்லை.

1688-இல் தொடங்கப்பட்ட சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே பழைமையானது. இதை ‘தி ஓல்டஸ்ட் கார்ப்பரேஷன் இன் இந்தியா’ என்று எழுத வேண்டும். இடப்பெயருக்கு முன் ‘இன்’, ஒரு கூட்டத்தைக் குறிக்கும்போது ‘ஆஃப்’. ‘மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’ என்பதில் ‘மை’ இருப்பதால் ‘தி’ வேண்டாம்.

உயர் நீதிமன்றத்தின் கதை வேறு. கல்கத்தா, பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்கள் மூன்றும் 1862-ஆம் ஆண்டிலேயே தோன்றியவை. ஆகவே நம்முடையதை ‘ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட் ஹைகோர்ட்ஸ்’ என்பதே சரி. இங்கே கடைசியில் வரும் ‘ஸ்’ ஒலியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ‘பழைமையான நீதிமன்றங்களுள் ஒன்று’ என்று நல்ல தமிழில் எழுதும் எவரும் அந்தப் பன்மையை விடுவதில்லையே! ஆகவே எழுத்துத் தமிழ் வாக்கியத்தை முதலில் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன்; அதன் பின் அந்தப் பிழை பெரும்பாலும் வருவதில்லை.

மரியாதைக்கு வருவோம், ஏனெனில் வேலையிடத்தில் மனத்தாங்கலை உண்டாக்குவது இதுதான். ‘அனுப்புங்கள்’ என்னும்போது அந்த ‘உங்கள்’ விகுதியிலேயே மரியாதை அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘சென்ட்’ என்னும் ஏவல்வினைக்கு அப்படி ஒரு விகுதி இல்லை. முன்னால் ‘ப்ளீஸ்’ சேர்த்தாலும், அறிமுகமில்லாத ஒருவருக்கு அது கட்டளையாகவே ஒலிக்கக்கூடும். நம் பிள்ளைகள் முழுப் பணிவோடு எழுதிய மின்னஞ்சல் அதிகாரத் தொனியாகப் படிக்கப்படுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஆங்கிலம் மரியாதையைக் கேள்வி வடிவிலும் இறந்தகால வினையிலும் வைக்கிறது. ‘கேன் யூ’ என்பதைவிட ‘குட் யூ’ பணிவானது. ‘ஐ வான்ட்’ என்பதைவிட ‘ஐ வான்டட் டு ஆஸ்க்’ மென்மையானது. இங்கே இறந்தகாலம் நேற்றைக் குறிக்கவில்லை. கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் நடுவே சற்று இடைவெளி விடுகிறது.

‘வேண்டியதைச் செய்யுங்கள்’ என்னும் பொருளில் எழுதப்படும் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ பற்றியும் கேட்கிறார்கள். நம் அலுவலகங்களில் எல்லோருக்கும் புரியும் தொடர் அது. அதைப் பிழை என்று ஏளனம் செய்வதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் வெளிநாட்டவருக்கு எழுதும்போது, அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்கமாகச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

‘வுட் யூ மைண்ட்’ என்று தொடங்கும் கேள்வி இன்னும் கவனம் கேட்பது. அதன் பின் ‘ஓப்பனிங் தி விண்டோ’ என்று ‘இங்’ வடிவம் வர வேண்டும். உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பதே கேள்வி. ஆகவே உதவ விரும்புபவர் ‘யெஸ்’ என்று மட்டும் சொன்னால் மறுப்பதுபோல் ஆகிவிடும். ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் ஜன்னலைத் திறக்க வேண்டும். அதற்கு எதிரில் இருப்பவர் ‘தட் இஸ் மோஸ்ட் கைண்ட் ஆஃப் யூ’ என்று நன்றி கூறலாம். அங்கே ‘தி’ இல்லாமல் வரும் ‘மோஸ்ட்’ ஒப்பீடு அன்று, ‘மிகவும்’ என்னும் பொருளே.