மொட்டை மாடியில் தாளிப்பு வடகம்

இந்த வருடம் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் தாளிப்பு வடகம் போட்டேன். கடையில் உருண்டை உருண்டையாக விற்கிறார்கள்தான். ஆனால் கடைசியாக வாங்கியதில் வெங்காயத்தைத் தேட வேண்டியிருந்தது. உதிர்த்தால் கடுகும் உளுந்தும் உப்பும்தான் கைக்கு வந்தன. முளைக்கீரை மசியலுக்கும் வத்தக்குழம்புக்கும் வடகம் தாளிக்காவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சரி, சென்னை வெயில் சும்மாதானே கொளுத்துகிறது, அதற்கும் ஒரு வேலை கொடுப்போம் என்று இறங்கினேன்.

மாடித்தோட்ட விதைகளைப் பரிமாறிக்கொள்ளச் சேர்ந்த வாட்ஸப் குழு ஒன்றில் இருக்கிறேன். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. விதைப் பேச்சு எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டுக் குக்கருக்கு கேஸ்கட் போய்விட்டது என்பதுதான் பேச்சு. வடகம் போடப் போகிறேன் என்று ஒரு வரி போட்டதும் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள்.

கடலூர் அக்கா ஒருவர் குரல் பதிவிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “தம்பி, சோம்பெல்லாம் போட்டுடாதீங்க. அப்புறம் மீன் குழம்புல தாளிச்சா கறிக்குழம்பு வாசம்தான் வரும்.” உடனே புதுச்சேரி அண்ணன், “சோம்பு இல்லாம அது என்ன வடகம்?” என்று கிளம்பிவிட்டார். பாரிஸில் இருக்கும் அவர் சொந்தக்காரர்கள் ‘வடுவான்’ என்று பாட்டிலில் வாங்குகிறார்களாம். நம் வடகம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய் மசாலாத்தூளாக மாறியதுதான் அது. உருண்டையும் இல்லை, விளக்கெண்ணெயும் இல்லை. கும்பகோணத்து அம்மாவுக்குப் பூண்டு அதிகமாகத் தெரிந்தது. லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பி, நீங்கள் சொல்லுறது தாளிக்கிற வடகம். எங்கட வடகம் பொரிச்சுச் சோத்தோட கடிச்சுச் சாப்பிடுறது. வேப்பம்பூ போட்டால்தான் எங்களுக்கு வடகம்” என்றார். அதையும் ஒரு நாள் செய்து பார்க்க வேண்டும். வேப்பம்பூவைச் சித்திரை முடிவதற்குள் பொறுக்கிக் காயவைத்திருக்க வேண்டும், இந்த வருடம் அது தாண்டிவிட்டது.

எல்லாருடைய பேச்சையும் கேட்டால் வடகம் ஆகாது, அவியல்தான் ஆகும். அதனால் கடலூர்க் கணக்கையே எடுத்துக்கொண்டேன். உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கிலோ, பூண்டு கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, உடைத்த கறுப்பு உளுந்து 200 கிராம், கடுகு 100, சீரகம் 50, வெந்தயம் 25, மஞ்சள்தூள் இரண்டு ஸ்பூன், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, கல்லுப்பு 90 கிராம். விளக்கெண்ணெய் கடைசியில்தான் வரும். உளுந்தைத் தோலோடு போடச் சொல்கிறார்கள். வெள்ளை உளுந்து போட்டாலும் வடகம் வரும், ஆனால் தாளிக்கும்போது வரும் அந்த மொறுமொறுப்பு தோல் உளுந்தில்தான் இருக்கிறது.

பெரிய வெங்காயத்தில் ஏன் யாரும் போடுவதில்லை என்பது கணக்குப் பார்த்தால் புரிந்துவிடும். சின்ன வெங்காயத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பெரிய வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குத் தண்ணீர்தான். காய்ந்த பிறகு மிஞ்சுவது சின்ன வெங்காயத்தில் மிஞ்சுவதில் பாதிதான் இருக்கும். விலை குறைவு என்று பெரிய வெங்காயத்தை வாங்கினாலும் கடைசியில் லாபமில்லை. எனக்குக் கிடைத்தது பெரம்பலூர்ப் பக்கத்து வெங்காயம், மண்டிக்காரர் சொன்னதுதான். நன்றாகக் காய்ந்த, கழுத்து இறுகிய காயாகப் பொறுக்கினேன்.

உரிப்பதுதான் மலை மாதிரி வேலை. தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் சீக்கிரம் வரும், ஆனால் வடகத்துக்கு ஈரம் ஏற்றுவது எதற்கு? காலையில் ஒரு மணி நேரம் வெயிலில் பரப்பி, கையால் கசக்கி, முறத்தில் புடைத்தேன். மேல் சருகு பெரும்பாலும் பறந்துவிட்டது. ஒட்டிக்கொண்டிருந்த உள்தோலை அப்படியே விட்டேன். “அதெல்லாம் இருக்கட்டும், நாங்க உரல்ல போட்டு அப்படியே இடிப்போம்” என்று கடலூர் அக்காவே சொல்லியிருந்தார். என் வீட்டில் உரல் இல்லை. மிக்ஸியில் போட்டால் வெங்காயம் கூழாகிக் கசப்பு ஏறும். கயிறு இழுக்கும் சாப்பரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இரண்டு மூன்று இழுப்பில் நிறுத்திவிட்டேன். ஒன்றுக்கு நான்காக நறுங்கினால் போதும், மீதியை உப்பு பார்த்துக்கொள்ளும். பூண்டைத் தோலோடு நசுக்கினேன்.

எல்லாவற்றையும் பெரிய எவர்சில்வர் டபராவில் கொட்டிப் பிசைந்து, துணி கட்டி, அடுக்களை மூலையில் இரவு முழுக்க வைத்தேன். காலையில் துணியை அவிழ்த்தால் விரல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். மஞ்சளும் வெங்காயச் சிவப்பும் கலந்த கலங்கல் நீர், அதில் உளுந்து ஊறிப் புடைத்துக் கிடக்கிறது. வடகத்தின் உயிர் இந்தத் தண்ணீர்தான். கீழே ஊற்றிவிட்டால் வேகமாகக் காயும், ஆனால் அது வெறும் வெங்காய வற்றல்.

வேலை இப்படிப் போகும். காலையில் கலவையைக் கை நிறைய அள்ளி, தண்ணீர் டபராவிலேயே இறங்கும்படி இறுகப் பிழிந்து, உருண்டை உருண்டையாக வேட்டித் துணியில் வைக்க வேண்டும். டபராவில் நின்ற தண்ணீரையும் மேலே வலை போட்டு வெயிலில் வைக்க வேண்டும். சாயங்காலம் உருண்டைகளை உடைத்து அதே தண்ணீரில் திரும்பப் போட்டுப் பிசைந்து மூடிவிட வேண்டும். மறுநாள் காலையில் மறுபடி பிழிந்து வெயிலுக்கு. தண்ணீர் முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை இதேதான். பகலில் காய்கிறது, இரவில் புளிக்கிறது. உளுந்து இருப்பதால் இரண்டாம் இரவுக்கே இட்லி மாவுப் பாத்திரத்தைத் திறந்தது போன்ற ஒரு புளிப்பு வாடை கிளம்பிவிட்டது. உப்பு போதுமான அளவில் இருப்பதால் கெடுவதில்லை.

சாயங்காலப் பிசைதல்தான் எனக்குப் பிடித்துப்போனது. வெயில் தின்ற உருண்டை வெளியே சருகாகவும் உள்ளே பிசுபிசுப்பாகவும் இருக்கும். விரலால் பிளந்தால் உள்ளிருந்து சூடு வரும். வெந்தயம் ஊறி வழவழவென்று ஒட்டும், கடுகு மட்டும் கடைசிவரை கல் போல உருண்டுகொண்டிருக்கும். தண்ணீரில் போட்டதும் சருகு மெல்ல இளகும். நாளுக்கு நாள் நிறம் இறங்குவதும் கையில்தான் தெரிந்தது: ஊதா போய்ச் செம்மண் நிறம், அப்புறம் புளியின் நிறம். என் நகக்கண்ணில் மஞ்சள் ஏறி, அலுவலக வீடியோ கூட்டத்தில் ஒருவர் என்ன கல்யாணமா என்று கேட்டார்.

மாடியில் அரசியல் இல்லாமல் இருக்குமா? அதே வாரத்தில் கீழ்த்தளத்து மாமி ஜவ்வரிசி வடாம் பிழிந்திருந்தார். வெங்காயம், பூண்டு வீட்டுக்குள்ளேயே வராத குடும்பம். என் வேட்டி அவருடைய பிளாஸ்டிக் தாளுக்கு நாலடி தள்ளி விரிந்திருந்தது, காற்று அந்தப் பக்கம். முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள், “அம்பி, உன்னோட அந்த வஸ்துவைக் கொஞ்சம் தண்ணித் தொட்டிக்கு அந்தண்டை போட்டுக்கறியா? என் வடாம் வாசனை மாறிடப் போறது” என்றார். நியாயம்தானே. தொட்டிக்குப் பின்னால் போனதில் எனக்கும் லாபம்: அங்கே சாயங்காலம்வரை வெயில் விழுகிறது. காக்காய் விஷயத்தில் நாங்கள் இருவரும் கூட்டணி. கறுப்புக் குடையை விரித்துக் கட்டி வைத்தோம். சொல்லப்போனால் என் பக்கம் அதற்குத் தேவையே இருக்கவில்லை. காக்காய்கள் வெங்காய வடகத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை, மாமியின் வடாம்மீதுதான் அத்தனைக்கும் கண்.

சென்னையில் வெயிலை மட்டும் நம்ப முடியாது, கடற்காற்று ஒரு பக்கம் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும். மூன்று மணிக்கு மேல் துணியைத் தொட்டால் மெல்லிய பிசுக்கு. அதனால் நான்கு மணிக்கே எடுத்துவிடுவேன். நடுவில் ஒரு நாள் கோடை மழையும் வந்தது. உள்ளே மின்விசிறிக்குக் கீழே பரப்பி வைத்து, அன்று இரவு தண்ணீரில் திருப்பிப் போடாமல் விட்டேன். வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான் என்று குழுவில் பயமுறுத்தினார்கள், அப்படி ஒன்றும் வரவில்லை.

பெங்களூரு நண்பர் ஒருவருக்கு இந்த வெயில் வேலையெல்லாம் வீண் என்று எண்ணம். “ஓ.டி.ஜி. ஓவன்ல வெச்சு எடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும் பாஸ்” என்றார். வாக்குவாதம் எதற்கு, செய்தே பார்த்துவிடலாம் என்று முதல் நாளிலேயே கலவையில் ஒரு கிண்ணம் தனியே எடுத்துவைத்தேன். ஓ.டி.ஜி.யில் இருப்பதிலேயே குறைந்த சூட்டில், கதவை ஒரு கரண்டி கொடுத்துச் சற்றே திறந்து, அவ்வப்போது கிளறிக் காயவைத்தேன். ராத்திரிக்குள் காய்ந்துவிட்டது, பொய் சொல்லக் கூடாது. வாசமும் பிரமாதம். ஆனால் அது பிரியாணிக்கு வறுத்த வெங்காயத்தின் வாசம். இனிப்பு முன்னால் நிற்கிறது, புளிப்பு இல்லவே இல்லை. கீரையில் தாளித்தபோது மேலே தூவிய மாதிரித் தனியாக நின்றது, கீரையோடு சேரவில்லை. தயிர்ப் பச்சடியில் போட்டபோது நன்றாக இருந்தது. பெங்களூரு நண்பர் இதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

மாடி வடகம் தண்ணீரை முழுக்க இழுத்தபின் பிசையும்போது கையில் ஈரம் ஒட்டவில்லை, ஆனால் அழுத்தினால் உருண்டை பிடித்தது. அந்தப் பதத்தில் விளக்கெண்ணெய். 50 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தேன். துவரம்பருப்பில் வண்டு வராமல் விளக்கெண்ணெய் தடவி வைப்பார்களே, அதே காரணம்தான். பூச்சியும் அண்டாது, ஈரமும் சுலபத்தில் ஏறாது. நல்லெண்ணெய் போடலாமா என்று கேட்டதற்கு, மாதக்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை வரும் என்று கடலூர் அக்கா தடுத்துவிட்டார். விளக்கெண்ணெய் வாசம் பயமுறுத்தும்தான், ஆனால் சூடான வாணலியில் போட்டதும் அது தெரிவதே இல்லை. எலுமிச்சம்பழ அளவில் இறுகப் பிடித்து, உருண்டைகளை இன்னும் சில நாள் வெயிலில் போட்டேன். உடைத்துப் பார்த்தால் நடுவிலும் காய்ந்திருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

எல்லாம் முடிந்து தராசில் வைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. வெங்காயத்தின் பங்கு அதில் பாதிகூட இல்லை, மீதி பருப்பும் கடுகும் உப்பும். செலவைக் கடை விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெங்காயம் மலிந்த வாரத்தில் போட்டால் உண்டு.

முதல் தாளிப்பு முளைக்கீரைக்கு. நல்லெண்ணெய் காய்ந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். நெல்லிக்காய் அளவு பிட்டு உதிர்த்துப் போட்டேன். கடுகு பொரியத் தொடங்கும், உளுந்து சிவக்கும், வெங்காயச் சருகு கருக்கும் ஓரத்துக்கு வரும். அந்த நொடியில் கீரையில் கொட்டிவிட வேண்டும், கொஞ்சம் விட்டாலும் கசப்பு. மூடியைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்துத்தான் திறந்தேன். கீரைக்குள் புளிப்பும் பூண்டும் இறங்கியிருந்தன. அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார், வாயால் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மிச்சமிருந்த பழைய சோற்றுக்கு ஒரு உருண்டையை வறுத்து, காய்ந்த மிளகாய், புளி, தேங்காய் வைத்துத் துவையல் அரைத்தேன். கீரையைவிட இதுதான் பிரமாதம் என்பது என் கட்சி.

உருண்டைகள் இப்போது ஊறுகாய் ஜாடியில் இருக்கின்றன. ஈரக்கை படாமல், மாதம் ஒரு தடவை வெயில் காட்டினால் அடுத்த கோடைவரை வரும் என்கிறார்கள். பெங்களூருக்கு நான்கு உருண்டை கூரியரில் போயிருக்கிறது, பிளாஸ்டிக் உறை மூன்று சுற்றியும் கூரியர்க் கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டு உள்ளே என்ன என்று கேட்டார். உடைத்த உருண்டையின் படத்தைக் குழுவில் போட்டேன். “நல்லா வந்திருக்கு தம்பி. அடுத்த தடவ உளுந்து ஒரு கை கூடப் போடுங்க” என்றார் கடலூர் அக்கா. “சோம்பும்” என்றார் புதுச்சேரி அண்ணன். உளுந்தைக் குறித்துக்கொண்டேன்.