சொல்லிவிட்டுப் போகும் மின்சாரம்

கோயம்புத்தூரில் 2012-ஆம் ஆண்டைக் கடந்து வந்தவர்கள் மின்வெட்டுக்கு அவ்வளவு எளிதில் பயப்பட மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற ஊர்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் என்று போன காலம் அது. வார்ப்பட ஆலைகளும் பம்ப்செட் பட்டறைகளும் சம்பாதித்ததை ஜெனரேட்டர் டீசலுக்கே கொட்டின. அதனால் 2022 கடைசியில் வேலை மாற்றலாகி ஜோகன்னஸ்பர்க் கிளம்பியபோது, "அங்கே லோட் ஷெடிங் உண்டு" என்று அலுவலகத்தில் சொன்னதை நானும் மனைவியும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "வெளிநாடு என்று சொல்லிக்கொண்டு போகிறாய், அங்கேயுமா கரண்ட் போகும்?" என்றார்.

போகும். ஆனால் சொல்லிவிட்டுப் போகும்.

தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தயாரிப்பது எஸ்காம் என்ற அரசு நிறுவனம். பழைய நிலக்கரி நிலையங்கள் அடிக்கடி பழுதாகி நின்றன. புதிதாகக் கட்டிய மெடுபி, குசிலே நிலையங்கள் பல ஆண்டுகள் தாமதமாயின. லோட் ஷெடிங் என்ற முறைவெட்டு, அதாவது பகுதி பகுதியாக முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, 2007-இல் தொடங்கி விட்டுவிட்டுத் தொடர்ந்தது. அதற்குப் படிநிலைகள் வைத்திருக்கிறார்கள். முதல் நிலை என்றால் நாடு முழுவதும் சேர்த்து 1,000 மெகாவாட் குறைப்பு, ஆறாம் நிலை என்றால் 6,000 மெகாவாட். நிலை ஏற ஏற உங்கள் பகுதிக்கு வரும் வெட்டுத் தவணைகளும் கூடும். ஒரு தவணைக்கு இரண்டு மணி நேரம், இணைப்பை மாற்ற மேலும் அரை மணி. நாங்கள் போய்ச் சேர்ந்த காலத்தில் ஆறாம் நிலை சாதாரணமாகிவிட்டிருந்தது. நாளுக்கு மூன்று தவணை வரும். அதில் ஒன்று நான்கு மணி நேரத்துக்கு நீண்டால் அன்றைய சமையல் திட்டம் முழுவதும் மாறிவிடும். 2023 பிப்ரவரியில் அதிபர் ராமபோசா தேசியப் பேரிடர் நிலையையே அறிவித்தார்.

ஊரில் எல்லோர் போனிலும் எஸ்காம்-செ-புஷ் என்ற செயலி இருந்தது. வீட்டுப் பகுதியையும் அலுவலகப் பகுதியையும் குழந்தையின் பள்ளிப் பகுதியையும் தனித்தனியாகப் பதிந்து வைத்துக்கொண்டால், கரண்ட் போவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே மணியடிக்கும். அலுவலகத்தில் கூட்டம் வைப்பதற்கு முன் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "உங்களுக்கு எத்தனை மணிக்கு?" என்பதுதான். எது எத்தனை மணிக்கு என்று யாரும் விளக்குவதில்லை. வேலையை உரிய நேரத்தில் அனுப்ப முடியாததற்கு இதைவிட மறுபேச்சில்லாத காரணம் உலகில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. சிலர் கரண்ட் இருக்கும்போதும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

நேரம் தெரிந்துவிட்டதால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதி நாங்கள் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. நம் ஊரில் கரண்ட் போனால் முதலில் நிற்பது ஃபேன். வியர்வையும் கொசுவும் விரட்ட, எல்லோரும் தெருவுக்கு வந்துவிடுவோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் ஃபேன் பற்றிய கவலை பெரும்பாலும் இல்லை. அங்கே கரண்ட் போனால் மக்கள் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிறார்கள். மின்வேலி, எச்சரிக்கை மணி, மோட்டாரில் ஓடும் இரும்புக் கதவு, கேமரா என்று வீட்டின் காவல் முழுவதும் மின்சாரத்தை நம்பி நிற்கிறது. எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு சின்ன பேட்டரி உண்டு. நாளுக்கு ஒரு தவணை என்றால் அது தாங்கும். மூன்று தவணை என்றால் முழுதாகச் சார்ஜ் ஏறுவதற்குள் மறுபடி இறங்கத் தொடங்கிவிடும். அப்படியே சில மாதங்களில் பேட்டரி செத்துப்போகும்.

எங்கள் கதவின் பேட்டரி ஒரு குளிர்கால இரவில் நின்றது. வெளியே காருக்குள் நாங்கள். தெருவில் பொட்டு வெளிச்சம் இல்லை. கதவைக் கையால் தள்ளித் திறக்க மோட்டார்ப் பெட்டிக்கு ஒரு சாவி உண்டு. அந்தச் சாவியை வீட்டை வாடகைக்கு விட்ட முகவர் எங்களுக்குத் தரவே இல்லை. புது பேட்டரி யார் செலவு என்று அவரோடு நடந்த கடிதப் போக்குவரத்தை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். கடைசியில் நாங்களே வாங்கினோம். அன்று எங்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அவருடைய முன்னோர்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860-இல் மதராஸிலிருந்து போன முதல் கப்பலில் தொடங்கிய வரலாறு அது. அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் தைப்பூசத்துக்கு மெல்ரோஸ் முருகன் கோயிலுக்கு விரதம் இருந்து போவார். எங்களுக்கு இந்த ஊர் மின்வெட்டைக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

முதல் பாடம் அடுப்பு. அங்கே வாடகை வீடுகளில் பெரும்பாலும் மின் அடுப்புதான். இன்வர்ட்டர் வாங்கக் கடைகடையாக ஏறிக்கொண்டிருந்த என்னிடம், முதலில் கேஸ் வாங்கு என்றார் ஆன்ட்டி. சரியான யோசனை. மின் அடுப்பை இன்வர்ட்டரில் ஓட்ட நினைத்தால் சொத்தை விற்க வேண்டும். குழாய் பதித்து நிரந்தரமாக கேஸ் இணைப்பு வைத்தால் அதற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு உகந்தது சிலிண்டரின் தலையிலேயே திருகி வைக்கும் ஒற்றை பர்னர். அதன் மேல் ஊரிலிருந்து கொண்டுபோன பிரஷர் குக்கர். குக்கர் இல்லாமல் அந்த உயரத்தில் பருப்பு வேகாது. தண்ணீர் 94 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடுகிறது. துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டுவிட்டு ஒரு தவணை முழுக்க காத்திருந்தாலும் அது பல்லில் கடிபடும்.

கோயம்புத்தூர்க்காரர்கள் கிரைண்டரை விட்டுவிட்டு எங்கும் போவதில்லை. அங்கும் 230 வோல்ட்தான். நம் ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் வைக்கும் மூன்று தடி முனைப் பெரிய பிளக்கின் வகைதான் அங்கே பெரும்பாலானவற்றுக்கு. பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டோம். "ஏங்க, உளுந்து பாதியில் நிற்கிறது" என்று மனைவி இருட்டில் குரல் கொடுத்த பிறகு, மாவாட்டும் நேரமும் செயலியைப் பார்த்தே முடிவானது. குளிர்காலத்தில் மாவு பொங்குவதில்லை. ஜூன், ஜூலையில் சில இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தைத் தொடும். வீடுகளுக்குள் சூடேற்றும் வசதி பொதுவாக இல்லை. போர்வைக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்துத் தூங்கிய குடும்பம் நாங்கள் மட்டுமாக இருக்க மாட்டோம்.

இரண்டாவது பாடம், கரண்ட் போகும்போது அல்ல, வரும்போது கவனமாக இரு என்பது. ஒரு பகுதி முழுவதும் கீசர்கள் ஒரே நொடியில் தண்ணீரைச் சூடாக்கத் தொடங்கும். ஒரு கீசர் 3 கிலோவாட் வரை இழுக்கும். அதைத் தாங்காமல் துணை மின்நிலையம் விழுந்தால் இரண்டு மணி நேர வெட்டு இரண்டு நாள் இருட்டாக மாறும். அதனால் தவணை தொடங்குமுன் கீசர் சுவிட்சை அணைத்துவிடுவது பழக்கமானது. ஃபிரிட்ஜுக்கு மின்னழுத்தத் தாவலைத் தடுக்கும் பிளக் வாங்கிப் போட்டோம். கரண்ட் வந்ததும் நம் தெருக்களில் எழும் 'ஹோ' சத்தம் அங்கே இல்லை. வீட்டுக்கு வீடு எச்சரிக்கைப் பெட்டிகள் 'பீப்' என்று கத்தும், பின்னாலேயே நாய்கள் குரைக்கும்.

இன்வர்ட்டரில் மட்டும் ஊர் அனுபவம் முழுதாகக் கைகொடுக்கவில்லை. கோயம்புத்தூர் வீட்டில் இருந்தது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் டியூபுலர் ஈய பேட்டரி. ஆறாம் நிலையில் ஈய பேட்டரிக்கு வேலை செய்ய நேரம் இருக்கிறது, சாப்பிட நேரம் இல்லை. பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். திரும்ப நிறைய எட்டு மணி நேரமாவது வேண்டும். சற்று அதிகம் செலவானாலும் லித்தியம் வாங்கியதுதான் நல்லதாயிற்று. பல்புகள், இணைய ரவுட்டர், மடிக்கணினி, டிவி ஆகியவற்றுக்கு மேல் அதில் எதையும் ஏற்றவில்லை. வெட்டு நீண்டால் செல்போன் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்து சிக்னல் போய்விடும். அப்போது ஃபைபர் இணைப்பு ஒன்றுதான் துணை.

சாலையில் சிக்னல் அணைந்துவிட்டால் சந்திப்பு தானாக நாலுமுனை நிறுத்தமாகிவிடும். முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம். அவிநாசி சாலையில் ஓட்டிப் பழகிய எனக்கு, யாருமே முந்தாமல் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்ததைப் பார்த்தபோது கண்களை நம்ப முடியவில்லை. மினிபஸ் டாக்சிகள் மட்டும் அந்த ஒழுங்கில் சேர்த்தியில்லை.

2024 மார்ச் 26-இல் முறைவெட்டு நின்றது. முந்நூறு நாள்களுக்கும் மேல் திரும்பவே இல்லை. 2025 ஜனவரி கடைசியில் திரும்பி வந்து, மே வரை அவ்வப்போது சில நாள்கள் தலைகாட்டிவிட்டுப் போனது. அதனால் புதிதாக வருபவர்கள், இனியும் இதற்கெல்லாம் செலவு செய்ய வேண்டுமா என்று கேட்கிறார்கள். கேஸ் அடுப்பும் ரவுட்டருக்கு ஒரு சின்ன பேட்டரியும் போதும் என்கிறேன். கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதும் அட்டவணை பார்த்து வருவதில்லை. பெரிய இன்வர்ட்டரை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

அதைவிட, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் மின்மீட்டரைப் பாருங்கள். பல வீடுகளில் முன்பணம் கட்டும் மீட்டர்தான். பல்பொருள் அங்காடியிலோ வங்கிச் செயலியிலோ பணம் கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும். அதை மீட்டரில் அழுத்தினால் யூனிட் ஏறும். மீட்டர்களை மறுகுறியீடு செய்ய, அதாவது புதிய குறியீட்டு எண்களை அழுத்திப் புதுப்பிக்க, 2024 நவம்பர் 24 வரை கெடு வைத்திருந்தார்கள். அதைச் செய்யாமல் விட்ட மீட்டர் புதிய எண்ணை ஏற்காது. பழைய குடியிருப்பாளர் பாக்கி வைத்திருந்தால், நீங்கள் கட்டும் பணத்திலிருந்து அதைக் கழிப்பதும் உண்டு. எனவே ஒரு சிறிய தொகைக்கு மின்சாரம் வாங்கி, எண்ணை முகவர் முன்னாலேயே அழுத்திப் பார்த்துவிட்டு, கதவு மோட்டாரின் சாவியையும் கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.