ஒட்டுக்கு மேல் மண் ஏறக் கூடாது

நவம்பர் 12

இந்த வருடம் ஆப்பிள் வைத்தே தீருவது என்று முடிவாகிவிட்டது. ரகம் தேடும் முன், போன குளிர்காலத்தில் எழுதி வைத்த வெப்பநிலைக் கணக்கை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 7 டிகிரிக்குக் கீழே இருந்தது ஏறக்குறைய 400 மணி நேரம்தான். பல ரகங்களுக்கு 800 முதல் 1,000 மணி நேரம் வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காத மரத்தில் மொட்டுகள் உறக்கம் கலையாமல் முன்னும் பின்னுமாக விரியும், காய்ப்பும் கெடும். ஆசைப்பட்ட ஹனிகிரிஸ்ப் ரகமும் அப்படித்தான், அது இல்லை என்றாகிவிட்டது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நவம்பர் 20

அன்னா, டார்செட் கோல்டன். இரண்டுக்கும் 300 மணி நேரக் குளிரே போதும். ஒன்று இஸ்ரேலில் உருவானது, மற்றது பஹாமாஸில் கிடைத்தது. ஆப்பிளுக்குப் பெரும்பாலும் வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். இவை இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும். அதனால் ஜோடியாகவே வாங்குகிறேன்.

நவம்பர் 23

ரகத்தைவிட, அதை ஒட்டுப் போடும் வேருள்ள அடிச்செடியான வேர்ச்செடியைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். மரம் எவ்வளவு உயரம் போகும் என்பது பெரிதும் அதன் கையில்தான் இருக்கிறது. எம்.9 என்ற வேர்ச்செடி என்றால் மரம் 8, 10 அடியோடு நிற்கும், ஆனால் ஆயுசுக்கும் முட்டுக்கொம்பு வேண்டும். எம்.எம்.106 கொஞ்சம் பெரிதாகும், வேர் பிடித்த பிறகு தானே நிற்கும். அதில் ஒட்டிய கன்றுகளையே அனுப்பச் சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு ஈரம் தேங்கினால் ஆகாது, அடித்தண்டு அழுகும். குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்; சீக்கிரமே வடிந்துவிட்டது.

டிசம்பர் 29

கன்றுகள் நேற்று வந்தன. இலையும் இல்லை, மண்ணும் இல்லை, குச்சியும் வேரும்தான். இரண்டு மணி நேரம் வேரை நீரில் ஊற வைத்து நட்டேன். அகலமான குழி, ஆழம் வேர் அளவுக்கே. வேரைச் சுற்றி உரம் எதுவும் போடவில்லை.

ஜனவரி 4

மழைக்குப் பிறகு மண் இறங்கி, அன்னா நான்கு விரல் கீழே போயிருந்தது. ஒட்டுப் போட்ட இடத்தில் தண்டு முழங்கை போல லேசாக வளைந்து புடைத்திருக்கும். அது மண்ணுக்குள் மறைந்திருந்தது. அப்படியே விட்டால் ஒட்டுக்கு மேலிருந்தே வேர் இறங்கிவிடும், பார்த்துப் பார்த்துத் தேர்ந்த வேர்ச்செடி வீண். வேர் அறாமல் தோண்டி, அடியில் மண் போட்டு மிதித்து, மறுபடி நட்டேன். இப்போது புடைப்பு ஒரு சாண் மேலே இருக்கிறது. அப்புறம் தண்டைத் தொடாமல் சுற்றிலும் வைக்கோல் மூடாக்கு.

மார்ச் 9

அன்னாவில் இரண்டு கொத்துப் பூ. விளிம்பு இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை. ஒரு தேனீயும் வந்தது. முதல் வருடம் வேருக்குத்தான் பலம் போக வேண்டும் என்பதால், சாயங்காலம் எல்லாவற்றையும் கிள்ளினேன். கை வரத்தான் இல்லை. டார்செட்டில் மூன்று மொட்டு பாக்கி, விரிந்ததும் கிள்ள வேண்டும்.